மஞ்சள் புள்ளி வைக்கிற பொன்னுராஜ்

பொன்னுராஜ் மீன் வாங்கினால் வீட்டுக்கு வந்து இன்னொரு தடவை நிறுத்துப் பார்ப்பார். ஷெட்டைப் பூட்டினால் பூட்டை மூன்று தடவை இழுத்துப் பார்ப்பார்; பத்தடி நடந்துவிட்டுத் திரும்பி வந்து நாலாவது தடவையும் இழுப்பார். சர்ச்சில் ஜெபத்துக்குக் கண்ணை மூடச் சொன்னால் இந்த மனுஷர் ஒரு கண்ணைத்தான் மூடுவார் என்று அவர் மனைவி கிருபாபாய் சொல்லிச் சிரிப்பாள். அவருக்குச் சிரிப்பு வராது. செருப்பை வெளியே விட்டுவிட்டு வந்திருக்கிறோமே, ரெண்டு கண்ணையும் மூடினால் எப்படி என்று கேட்பார்.

ராஜபாளையத்திலிருந்து ஸ்ரீவில்லிபுத்தூர் போகிற சாலையில் அவருடைய தகர ஷெட் இருக்கிறது. கிளட்ச் மிதித்து கியர் போடுகிற வண்டியை அவர் தொடமாட்டார். தானாக கியர் மாறுகிற ஆட்டோமேட்டிக் வண்டி மட்டும்தான். சங்கரன்கோவிலில் கைவிட்ட வண்டி, தென்காசியில் கைவிட்ட வண்டியெல்லாம் கயிறு கட்டி இங்கே இழுத்து வரப்படும். அந்த வேலையில் அவர் கெட்டிக்காரர். அதில் யாருக்கும் சந்தேகம் கிடையாது. எல்லாவற்றையும் சந்தேகப்படுகிற அவருக்கே அந்த ஒன்றில் கிடையாது.

வேலை முடிந்ததும் வண்டியை அவரே எடுத்துக்கொண்டு அய்யனார் கோவில் ரோட்டில் மலையடிவாரம் வரைக்கும் போய், கியர்பாக்ஸ் நன்றாகச் சூடேறின பிறகு திரும்பி வருவார். வந்த கையோடு வண்டியைத் தூக்கி நிறுத்தி, அடிப்பக்கம் முழுக்க, இண்டு இடுக்கு விடாமல், பம்பு வைத்துத் தண்ணீர் அடிப்பார். காய்ந்ததும் ஒவ்வொரு போல்ட் தலையிலும் மஞ்சள் பெயிண்டால் ஒரு புள்ளி வைப்பார், போல்ட்டிலும் கியர்பாக்ஸ் பெட்டியிலும் பாதிப் பாதி இருக்கிற மாதிரி. அப்புறம் வேறு எவனாவது அதில் ஸ்பேனரை வைத்தால் புள்ளி உடைந்து காட்டிக்கொடுத்துவிடும். அழுக்கின் மேல் பெயிண்ட் நிற்காது என்பதால்தான் அந்தக் கழுவல். அதை அவர் அடுத்தவர் கையில் விடுவதில்லை.

இந்தப் புத்தி அவருக்குக் கூடப் பிறந்ததல்ல. வாலிபத்தில் ஷார்ஜாவில் ஒரு பட்டறையில் இருந்தபோது, அவர் முறுக்கி முடித்த வண்டியை வேறொருத்தன் திறந்து எண்ணெய் பார்த்துவிட்டு, போல்ட்டை அரைகுறையாக மாட்டிவிட்டுப் போய்விட்டான். வண்டி நடுரோட்டில் நின்றுபோனது. பதினொரு பேர் பார்க்க மேஸ்திரி இவரைக் கேள்வி கேட்டார், அந்த வாரமே விசாவை ரத்து செய்து ஊருக்கு அனுப்பிவிட்டார்கள். கல்யாணமாகி ஒரு வருஷம்கூட ஆகவில்லை. சோறு போட்டுக்கொண்டே கிருபாபாய் மெதுவாகக் கேட்டாள், நெசமாவே நீங்க முறுக்கினியளா என்று. அவள் கெட்ட எண்ணத்தில் கேட்கவில்லை. ஆனாலும் அவர் சோற்றைப் பாதியில் வைத்துவிட்டு எழுந்தார். எட்டு மாதம் கழித்து உண்மை வெளியே வந்ததாக யாரோ சொல்லிக் கேள்விப்பட்டார். அந்தப் பட்டறையிலிருந்து ஒரு ஆள் அவர் வீட்டுக்கு ஒரு போன் போட்டுச் சொல்லவில்லை. அன்றைக்குப் பிடித்த மஞ்சள் பெயிண்ட் டப்பாவை அவர் இன்னும் கீழே வைக்கவில்லை.

இவ்வளவு சந்தேகக்காரரிடம் ஒரு ஆள் பதினேழு வருஷம் வேலையில் தாக்குப்பிடித்தான் என்றால் அது சமுத்திரம் ஒருவன்தான். ஆளும் சிறிசு, பேச்சும் கொஞ்சம். சமுத்திரத்தின் மனைவி பாண்டீஸ்வரி சத்திரப்பட்டியில் பேண்டேஜ் துணிக் கம்பெனியில் வேலை பார்க்கிறாள். காலை பஸ்ஸுக்கு ஓடுவதற்குள் அவள் கட்டிக்கொடுக்கிற சோற்றில் பொன்னுராஜுக்கும் ஒரு பங்கு உண்டு. சாயங்காலம் அவன் கிளம்பும்போது பொன்னுராஜ் அவன் பையை ஓரக்கண்ணால் பார்ப்பார். அவனும் அது தெரிந்து, பை வாயை விரித்துக் காட்டிவிட்டே போவான்.

போன சித்திரையில்தான் அந்த வண்டி வந்தது. கான்சாபுரத்தில் தென்னந்தோப்பு வைத்திருக்கிற விக்னேஷ்வரனுடைய வண்டி. பைக்கில் விழுந்து இடது காலில் கம்பி வைத்திருந்ததால் கிளட்ச் மிதிக்க அவரால் முடியாது. ஆனால் ஆசைப்பட்டது பெரிய வண்டிக்கு. பழைய ஜீப் ஒன்றை வாங்கி, கோயம்புத்தூரில் யாரிடமோ கொடுத்து, வேறொரு காரின் ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸை அதன் வயிற்றுக்குள் திணித்து, உயரமான டயர் நாலு மாட்டி ஓட்டிக்கொண்டிருந்தார். எண்ணெய் கருகி, உள்ளே இருக்கிற பிளேட்டெல்லாம் தேய்ந்து வந்தது. பொன்னுராஜ் பிரித்தார், புது பிளேட் போட்டார், மலையடிவாரம் போய் வந்தார், கழுவினார், புள்ளி வைத்தார், கொடுத்தார்.

நாற்பது நாளில் வண்டி கயிற்றில் திரும்பி வந்தது. முன்னாலும் போகவில்லை, பின்னாலும் போகவில்லை. அடியில் திறந்தால், ரத்தச் சிவப்பாக இருக்க வேண்டிய எண்ணெய் ரோஸ்மில்க் மாதிரி இறங்கியது. ஷெட்டில் ஒரு பழைய தோசைக்கல் உண்டு. சமுத்திரம் அதை அடுப்பில் காய வைத்து ஒரு சொட்டு எண்ணெயை விட்டான். நல்ல எண்ணெயாக இருந்தால் புகைந்து அடங்கும். இது படபடவென்று பொரிந்தது. எண்ணெயில் தண்ணீர். தண்ணீர் பட்டால் பிளேட்டில் ஒட்டியிருக்கிற பூச்சு உரிந்துவிடும், அதற்கப்புறம் அந்தப் பெட்டி வெறும் இரும்புதான்.

இதற்கு ஒரு நியாயமான காரணம் உண்டு. எண்ணெய் ஆறுவதற்கு ரேடியேட்டர் வழியாகப் போய் வரும், அங்கே ஓட்டை விழுந்தால் தண்ணீர் கலக்கும். பொன்னுராஜ் புது ரேடியேட்டர் மாட்டினார். பெட்டியைப் பிரித்து, புது பிளேட் போட்டு மறுபடி கட்டினார், ஓட்டினார். திரும்பி வந்து அவர் பம்பைக் கையில் எடுக்கும்போது சமுத்திரம் தயங்கித் தயங்கி, "அண்ணாச்சி, சாப்ட்டு வந்து கழுவுங்களேன். செத்த ஆறட்டும்" என்றான். பொன்னுராஜ் கேட்கவில்லை; அப்போதே கழுவிவிட்டுத்தான் சாப்பிடப் போனார். ஆனால் அந்த வார்த்தையை எடுத்து உள்ளே பத்திரமாக வைத்துக்கொண்டார். என்னைச் சாப்பிட அனுப்பிவிட்டு இவன் தனியாக இந்த வண்டியிடம் என்ன செய்யப் போகிறான்?

ஆடி மாதம் வண்டி மறுபடி வந்தது. மறுபடி ரோஸ்மில்க். புது ரேடியேட்டரைக் கழற்றிக் காற்றடித்துத் தொட்டிக்குள் முக்கிப் பார்த்தார். ஒரு குமிழி வரவில்லை. மஞ்சள் புள்ளிகள் ஒன்றுகூட உடையவில்லை. பெட்டியைத் திறக்காமல் உள்ளே தண்ணீர் போக வேண்டுமென்றால் எண்ணெய் அளவு பார்க்கிற குச்சியை உருவிவிட்டு அந்தக் குழாயில்தான் ஊற்ற வேண்டும். ஓட்டை இல்லை, திறக்கவில்லை, அப்படியானால் ஒரு கை ஊற்றியிருக்கிறது. இந்த வண்டியோடு தனியாக இருந்த கை எது என்று கணக்குப் போட அவருக்கு ஒரு டீ குடிக்கிற நேரம்கூட ஆகவில்லை.

சந்தேகம் வந்துவிட்டால் சாட்சிக்கா பஞ்சம்? போன மாதம் கிருஷ்ணன்கோவிலில் ஒரு காலி ஷெட்டை சமுத்திரம் யாருடனோ பார்த்துக்கொண்டிருந்ததாக ஒருத்தர் சொல்லியிருந்தார். தனிக்கடை போடப் பார்க்கிறான், அதற்கு முன்னால் என் பெயரைக் கெடுக்கிறான். ஆறட்டும் என்று சொன்னது இதற்குத்தான். பைக்குள் ஒன்றும் இருக்காது, தண்ணீர் கொண்டுவரப் பை எதற்கு? பதினேழு வருஷத்தில் சமுத்திரம் சிரித்தது, சிரிக்காதது, லீவு எடுத்தது, எடுக்காதது எல்லாமே அவருக்கு இப்போது வேறு மாதிரி தெரிந்தது.

விக்னேஷ்வரன் வந்து நின்றபோது, அவர் முன்னாலேயே பொன்னுராஜ் கேட்டுவிட்டார்.

"ஏலே, உள்ளதச் சொல்லு. இதுல தண்ணி ஊத்துனியா?"

சமுத்திரம் கையைத் துடைத்துக்கொண்டிருந்தான். தனிக்கடைப் பேச்சையும் பொன்னுராஜ் எடுத்தார். கிருஷ்ணன்கோவில் ஷெட் மச்சினனின் பஞ்சர் கடைக்குப் பார்த்தது என்றான். அதைப் பொன்னுராஜ் நம்பவில்லை. அப்புறம் அவன் சொன்னது ஒன்றே ஒன்றுதான்.

"நம்ப மாட்டியன்னு தெரியும் அண்ணாச்சி. ஆனா எங்கிட்டயும் கேப்பியன்னு தெரியாது."

சாவியை மேசையில் வைத்துவிட்டு, பை வாயை விரித்துக் காட்டிவிட்டு, அவன் போனான். பொன்னுராஜ் அன்றைக்கும் பைக்குள் எட்டிப் பார்த்தார். அதை நினைத்தால் கதை சொல்கிற எனக்கே கோபம் வருகிறது.

இந்தப் பக்கம் பட்டறைகள் எல்லாம் ஒன்றுக்கொன்று சொந்தம் மாதிரி. ஒரு இடத்தில் சொன்னது சாயங்காலத்துக்குள் ஸ்ரீவில்லிபுத்தூர் தாண்டிவிடும். சமுத்திரம் நாலு ஷெட்டில் போய்க் கேட்டான். நாலு பேரும் மரியாதையாக உட்கார வைத்து, டீ வாங்கிக்கொடுத்து, இப்போதைக்கு ஆள் தேவையில்லை என்றார்கள். எண்ணெயில் தண்ணீர் கலக்கிற ஆளை எவன் உள்ளே விடுவான்? கடைசியில் கிருஷ்ணன்கோவில் பக்கம் ஒரு பஸ் ஷெட்டில் பஸ் கழுவுகிற வேலைதான் கிடைத்தது. கண்ணை மூடிக்கொண்டு கியர்பாக்ஸ் பிரிக்கிறவன், பக்கெட்டும் பிரஷுமாக நின்றான். அவன் கெட்டவனா இல்லையா என்பது இனிமேல் அந்த ஜீப்பின் வயிற்றுக்குள்தான் இருந்தது.

கிருபாபாய் விஷயம் கேள்விப்பட்டுக் கணவனிடம் ஒரே ஒரு தடவை பேசினாள். ஊற்றினதைப் பார்த்தீர்களா என்று கேட்டாள். பார்க்கவில்லை, ஆனால் வேறு வழியே இல்லை என்றார். வேறு வழி உங்களுக்குத் தெரியவில்லை என்று சொல்லுங்கள் என்று சொல்லிவிட்டு அவள் அடுப்படிக்குப் போய்விட்டாள். அதற்கப்புறம் பத்து நாள் அவள் போட்ட சாப்பாட்டில் உப்பு உரைப்பு சரியாகத்தான் இருந்தது, பேச்சு மட்டும் இல்லை.

மூன்றாவது தடவை பொன்னுராஜ் தனியாளாகவே பெட்டியைக் கட்டினார். எண்ணெய் ரேடியேட்டர் பக்கமே போகாதபடி தனியாக ஒரு கூலர் வைத்தார். அளவு குச்சியைக் கம்பியால் கட்டி, முடிச்சின் மேல் பெயிண்ட் அடித்து முத்திரை வைத்தார். இனி ஆண்டவனே வந்தாலும் ஊற்ற முடியாது என்று சொல்லிக்கொண்டார். மனதுக்குள் ஒரு ஆசை இருந்தது, ஒத்துக்கொள்ளத்தான் வேண்டும். சமுத்திரம் இல்லாமல் இந்த வண்டி ஓடிவிட்டால், அவர் சொன்னது சரி என்றாகிவிடும்.

புரட்டாசி கடைசியில் வண்டி வந்துவிட்டது. முத்திரை உடையவில்லை. கம்பி நகரவில்லை. புள்ளி அத்தனையும் வைத்தபடி இருந்தது. எண்ணெய் மட்டும் ரோஸ்மில்க்.

பொன்னுராஜ் வண்டிக்கடியில் ஒரு பலகையைப் போட்டு உட்கார்ந்துகொண்டார். விக்னேஷ்வரனைச் சந்தேகப்பட்டுப் பார்த்தார், அந்த மனுஷர் தன் வண்டியைத் தானே கெடுத்து என்ன காணப் போகிறார்? எண்ணெய் டின்னைச் சந்தேகப்பட்டார், அதே டின்னிலிருந்து ஊற்றின நாலு வண்டி நன்றாக ஓடிக்கொண்டிருந்தது. வேறு ஆள் மிச்சமில்லை. ஆனாலும் பழகின புத்தி லேசில் போகுமா? நான் இல்லாத நேரம் பார்த்து எவனோ வருகிறான், அவனைக் கையும் களவுமாகப் பிடிக்கிறேன் என்று நாலாவது தடவை பெட்டியைக் கட்டினார். இந்தத் தடவை ஒவ்வொரு வேலைக்குப் பிறகும் கொஞ்சம் எண்ணெய் எடுத்துப் பாட்டிலில் பிடித்து, பாட்டிலில் நேரம் எழுதி வைப்பது என்று முடிவு செய்தார். எந்த நேரத்தில் தண்ணீர் வந்தது என்று தெரிந்தால் எவன் வந்தான் என்று தெரிந்துவிடும்.

ஷெட் கேட்டை உள்பக்கம் பூட்டிக்கொண்டார். பெட்டி கட்டினதும் ஒரு பாட்டில். தோசைக்கல்லில் விட்டார், புகைந்து அடங்கியது. மலையடிவாரம் போய் வந்து, கேட்டை மறுபடி உள்பக்கம் பூட்டினதும் ஒரு பாட்டில். அதுவும் புகைந்து அடங்கியது. வழக்கம்போலச் சூட்டோடு சூடாகப் பம்பு வைத்துக் கழுவினார். ஆறினதும், ஒரு ஒழுங்குக்காக, எஞ்சினை ஓடவிட்டு நிறுத்தி இன்னொரு பாட்டில் பிடித்தார். வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தபோது சிவப்பு லேசாக மங்கியிருந்தது. ஒரு சொட்டைக் கல்லில் விட்டார்.

படபடவென்று பொரிந்தது.

கேட்டைத் திரும்பிப் பார்த்தார். பூட்டு பூட்டினபடி தொங்கியது. ஷெட்டுக்குள் அவரும் வண்டியும் பம்பும் மட்டும்தான். இன்னொரு சொட்டு விட்டார், அதுவும் பொரிந்தது. அதற்கப்புறம்தான் முகம் பார்க்கிற கண்ணாடியும் டார்ச்சும் எடுத்து, பெட்டிக்கும் வண்டித் தரைக்கும் நடுவில், கை நுழையாத அந்த இடுக்கில் பார்த்தார். பேனா மூடி அளவுக்கு ஒரு குழாய் முனை மேலே பார்த்து வாயைத் திறந்துகொண்டு நின்றது. கியர்பாக்ஸ் சூடானால் காற்றை வெளியே விடும், ஆறினால் காற்றை உள்ளே இழுக்கும், அதற்கான மூச்சுக்குழாய் அது. முறையான வண்டியில் அந்த முனையிலிருந்து ஒரு ரப்பர் குழாய் எஞ்சின் மேல் வரைக்கும் போகும். இந்த ஜீப்பில் பெட்டியைத் திணிக்கும்போது இடம் பற்றவில்லை என்று குழாயை வெட்டி விட்டிருந்தார்கள். கொதிக்கக் கொதிக்க வந்த பெட்டி மேல் பச்சைத் தண்ணீர் அடித்தால், அது குளிர்ந்து மூச்சை இழுக்கும். இழுக்கிற இடத்தில் காற்று எங்கே இருந்தது? அவர் அடித்த தண்ணீர்தான் இருந்தது.

அந்த முனை அவருக்குப் புதிதல்ல. நாலு தடவை அந்தப் பெட்டியை மேசை மேல் வைத்திருக்கிறார். நாலு தடவையும் தூசி போகக் கூடாது என்று அதில் துணியைத் திணித்து, ஏற்றும்போது துணியை எடுத்தவரும் அவரே. செத்த ஆறட்டும் என்று சமுத்திரம் சொன்னது காதுக்குள் கேட்டது. அவனுக்கும் காரணம் தெரிந்திருக்காது, சூட்டு இரும்பில் தண்ணீர் படுவது பொறுக்காமல் சொல்லியிருப்பான். அன்றைக்கு ஒரு வாய் சோறு தின்றுவிட்டு வந்து கழுவியிருந்தால் இந்த வண்டி ஓடிக்கொண்டிருக்கும், அவனும் இங்கே இருந்திருப்பான். பொன்னுராஜ் பலகையில் உட்கார்ந்து அழுதார். வெட்கத்தில் வந்த அழுகை அது, செத்த நேரத்தில் நிற்கிற அழுகை இல்லை.

மறுநாள் பெட்டியைப் பிரித்து ஈரம் போகத் துடைத்து, புது எண்ணெய் ஊற்றி, ரெண்டடி ரப்பர் குழாய் மாட்டி, முனையை எஞ்சின் மேலே கொண்டுபோய்க் கட்டினார். ஆறு மாதப் பிரச்சினை அத்தோடு முடிந்தது. அதற்கப்புறம் விக்னேஷ்வரனை வரச்சொல்லி, அந்த வண்டியிலேயே கிருஷ்ணன்கோவில் பஸ் ஷெட்டுக்குப் போனார். கூடவே வர விக்னேஷ்வரனுக்கு விருப்பமில்லை. உங்கள் முன்னால்தான் அவனைக் கேட்டேன், உங்கள் முன்னால்தான் சொல்ல வேண்டும் என்று பிடிவாதமாக இழுத்துப் போனார்.

சமுத்திரம் முழங்கால் வரைக்கும் நனைந்து நின்றான். டிரைவர்கள் ஏழெட்டுப் பேர் டீ குடித்துக்கொண்டிருந்தார்கள். பொன்னுராஜ் அவர்கள் காதில் விழுகிற மாதிரியே பேசினார்.

"சமுத்திரம், தண்ணி ஊத்துனது நாந்தான். நீ இல்ல. நான் கழுவுன தண்ணி."

சமுத்திரம் முதலில் வண்டிக்கடியில் போய்ப் படுத்தான். குழாயைத் தொட்டுப் பார்த்தான், முனை எங்கே போகிறது என்று கண்ணாலேயே பின்தொடர்ந்தான். எழுந்து வந்து தலையை ஆட்டினான். பொன்னுராஜ் அவனை வேலைக்கு வரச்சொல்லிக் கேட்டார்.

"இங்க சொன்னதெல்லாம் சரி அண்ணாச்சி," என்றான். "எங்க வீட்ல வந்து சொல்லுங்க. அவ ஒருநா சோறு போட்டுட்டே கேட்டா, நெசமாவே நீங்க ஊத்தலயேன்னு."

பொன்னுராஜால் அந்த இடத்தில் நிற்க முடியவில்லை. அந்தச் சோற்றின் ருசி அவருக்குத் தெரியும்.

சாயங்காலம் ராஜபாளையத்தில் சமுத்திரத்தின் வீட்டு வாசலில் போய் நின்றார். பாண்டீஸ்வரி அப்போதுதான் கம்பெனி பஸ்ஸில் வந்து இறங்கியிருந்தாள், தலைமுடியில் பஞ்சு ஒட்டியிருந்தது. உட்காருங்க என்றாள், தண்ணீர் கொடுத்தாள். அவர் எல்லாவற்றையும் சொன்னார், குழாய், சூடு, பம்பு எல்லாம். அவள் நின்றபடியே கேட்டுக்கொண்டிருந்தாள். முடிந்ததும் கேட்டாள்.

"நல்லாப் பாத்துட்டுத்தான் சொல்லுதியளா? அன்னைக்கும் நல்லாப் பாத்துட்டுத்தானே சொன்னிய."

பொன்னுராஜ் பையிலிருந்து, கழுவுவதற்கு முன்னால் பிடித்த பாட்டிலையும், கழுவின பிறகு பிடித்த பாட்டிலையும் எடுத்துக் கீழே வைத்தார். அடுப்பும் ஒரு பழைய தோசைக்கல்லும் தர முடியுமா என்று கேட்டார். அவள் தூக்கிப் போடுவதற்கு வைத்திருந்த கல்லைக் கொண்டுவந்து கொடுத்தாள். முதல் பாட்டிலிலிருந்து ஒரு சொட்டு விட்டார், புகைந்து அடங்கியது. ரெண்டாவது பாட்டிலிலிருந்து விட்டார், பொரிந்து தெறித்தது. அவள் முந்தானையால் முகத்தை மறைத்துக்கொண்டு, இன்னொருக்க விடுங்க என்றாள். விட்டார். மறுபடியும் பொரிந்தது.

பாண்டீஸ்வரி புருஷனைத் திரும்பிப் பார்த்தாள். சமுத்திரம் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தான். அவள் கண் நிறைந்துவிட்டது.

பொன்னுராஜ் தோசைக்கல்லைத் தெருக்குழாயில் கொண்டுபோய் அவரே தேய்த்துக் கழுவி வந்தார். நாளைக்கு வாரியா என்று சமுத்திரத்தைக் கேட்டார். யோசித்துச் சொல்கிறேன் என்றான் அவன். சரி என்று சொல்லிவிட்டு, ரெண்டு பாட்டிலையும் எடுத்துப் பையில் வைக்கக் குனிந்தார். மங்கின எண்ணெய் இருந்த பாட்டிலைப் பாண்டீஸ்வரி அவருக்கு முன்னால் எடுத்துக்கொண்டாள்.

"இது இங்கனயே இருக்கட்டும் அண்ணாச்சி," என்றாள். "நாளைக்கு நீங்க மாத்திச் சொன்னா, எங்களுக்குக் காட்ட ஒண்ணு வேணுமில்லா."

அவர் ஒரு பாட்டிலோடு எழுந்தார். கிளம்பும்போது, ஏன் என்று தெரியாமலே, பை வாயை விரித்து அவர்களுக்குக் காட்டிவிட்டுப் போனார்.